ஸ்டீமருக்கு மழைத்தண்ணீரே மருந்து

நம் பக்கத்துக் குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் தேவையில்லை. சாத்தான்குளத்தில் ஐப்பசி பிறந்தால் மழை. மார்கழி முடியும்வரை ஈரம். கல்லூரிகளில் அடுத்த பருவத்துக்கான கௌரவ விரிவுரையாளர் நேர்காணல்களும் இந்தச் சமயத்தில் வருவதுண்டு. கொடியில் போட்ட பருத்திச் சேலை காய்வதில்லை. காய்ந்தாலும் ஈர வாடை போவதில்லை.

அதற்காகத்தான் ஐப்பசியில் துணிக்கு ஆவி காட்டும், கையில் பிடிக்கும் ஸ்டீமர் ஒன்றை வாங்கினேன். 1500 வாட், ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, ஒரு நிமிடத்துக்குள் ஆவி. பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் சரிதான். ஒன்றைத் தவிர: தண்ணீர்.

‘குழாய்த் தண்ணீர் போதும்’ என்கிறது கையேடு. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கொதிக்கும்போது காரையாகப் படிகின்றன. ஆவி வரும் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். பிறகு ஆவியோடு வெள்ளைச் சொட்டுகள் தெறிக்கும். கறுப்புப் பேன்ட்டிலும் கருநீல ரவிக்கையிலும் அவை காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளிதான். துடைத்தால் பரவும், துவைத்துக் காயவைக்க நேர்காணல் நாளில் நேரம் ஏது? சேவை மையத்தில் கேட்டேன். தண்ணீரால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் கிடையாதாம். இந்த நாட்டில் பல ஊர்களுக்கு உப்புத் தண்ணீர்தான் என்று தெரிந்தும் பொருளை விற்பவர்கள், இந்த எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிட வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரைத் தொட்டியில் ஊறவிட்டு அலசினால் காரை ஓரளவு கரைகிறது. ஆனால் அது வாராவாரம் செய்கிற வேலையாகிவிடும்.

தீர்வு வானத்திலிருந்தே வந்தது. மழைநீரில் இந்த உப்புகள் அநேகமாக இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டை மாடி கழுவப்பட்ட பிறகு திறந்த வெளியில் அண்டாவை வைத்துப் பிடித்தேன். வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். சொட்டு நின்றது, ஆவி சீராக வந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு உங்கள் வீட்டில் தொட்டியோடு உருப்படியாக இருந்தால், தை மாதம்வரை கவலையில்லை. மழை பிடிக்க முடியாதவர்கள் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம்.

நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டால் இந்தக் கருவி அருமையாக வேலை செய்கிறது. ஈர வாடையை விரட்டுகிறது. ரேயான் சுடிதார், துப்பட்டா, பாலியஸ்டர் கலந்த சட்டை எல்லாம் தொங்கவிட்ட இடத்திலேயே நேராகின்றன. வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு இதைவிட நல்லது எதுவுமில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையின் புட்டாக்களை இஸ்திரிப் பெட்டி அழுத்தித் தட்டையாக்கிவிடும். உள்பக்கமிருந்து ஆவி கொடுத்தால் புட்டா எழும்பி நிற்கிறது.

கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு மட்டும் இது ஆகாது. ஆவி பட்டதும் கஞ்சி இளகி, விறைப்பு போய்விடுகிறது, கொசுவம் நிற்பதில்லை. பேன்ட்டின் கத்தி மடிப்பும் இதில் வராது. மடிப்புக்குச் சூட்டோடு பாரமும் வேண்டும். அதற்குத் தெருமுனைத் தேய்ப்புக் கடையின் கரிப்பெட்டிதான். மின்சாரம் போனாலும் கரிப்பெட்டி நிற்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய 2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமின்றி இருந்த ஊர்கள் எத்தனை! வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் 1500 வாட்டைத் தாங்காது.

ஆனாலும் நேர்காணலுக்குப் போகிறவர்கள் பையில் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம், மாதிரி வகுப்பு. மற்ற பல வேலைகளின் நேர்காணலில் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னால் போதும். கல்லூரி நேர்காணலில் கரும்பலகையில் எழுதத் திரும்பும்போது குழுவினர் பார்ப்பது நம் முதுகைத்தான். சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலியில் மாறி, பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டி போய் இறங்குவதற்குள் முதுகுப்பக்கம் முழுக்கக் கசங்கியிருக்கும். வழியில் நெல்லையில் தெரிந்தவர் வீட்டில் இறங்கி, சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டு ஆவி காட்டினால் ஐந்து நிமிட வேலை. உடுத்தியபடியே காட்டாதீர்கள், தோல் வெந்துவிடும். கருவியை நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் வெந்நீர் கொட்டும்.

என் முடிவு இது: ரேயான், பாலியஸ்டர், புட்டாச் சேலை உடுத்துபவர்கள் தாராளமாக வாங்கலாம். கஞ்சிப் பருத்தி மட்டுமே உடுத்துபவர்களுக்குத் தேய்ப்புக் கடையே போதும். வாங்கினால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவைகூட ஊற்றாதீர்கள்.