வாப்பா மடித்து வைத்த சாரன்

கைத்தறிச் சாரனை நிறத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். கட்டத்தைப் பார்க்க வேண்டும். நெடுக்கு இழையான பாவிலும் குறுக்கு இழையான ஊடையிலும் ஒரே எண்ணிக்கையில் இழை போட்டு வகுத்த கட்டம் சதுரமாக விழ வேண்டும். நெய்பவரின் கை தளர்ந்தால் கட்டம் நீளும். வேகத்தில் ஓங்கி அடித்தால் குறுகும். துணியின் ஒரு தலையிலுள்ள கட்டமும் மறு தலையிலுள்ள கட்டமும் ஒரே அளவாக இருந்தால், அதை நெய்தவர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மனதோடு தறியில் இருந்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு மூட்டைப் பாருங்கள். இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த இடத்தில் கோடும் கோடும் பிசகாமல் சேர்ந்தால், நெய்தவரைப் போலவே தைத்தவரும் அக்கறையுள்ளவர்.

இப்படித் துணியைப் படிக்க எனக்குச் சொல்லித் தந்தவர் என் வாப்பா. மருதமுனையில் தறிக்கொட்டில் நடத்தியவர். அந்த ஊரின் நெசவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவரைப் பற்றித்தான் எழுத வருகிறது. அவரைப் பற்றி எழுதினாலோ நெசவுதான் வந்து நிற்கிறது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனால் மருதமுனை. கிழக்கே கடல். மேற்கே வயல்களும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி நீரும். 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த ஊர். பழைய ஆட்களின் பேச்சில் இன்றும் அப்படித்தான். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் பிறந்த மண். தமிழுக்கும் தறிக்கும் பெயர் போனது. ஒரு காலத்தில் உள் ஒழுங்கைகளில் நடந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் தறி அடிக்கும் சத்தம் கேட்காத வளவு குறைவு. ஆண்கள் தறியில் இருப்பார்கள். பெண்கள் வீட்டு விறாந்தையில் ராட்டையை வைத்து நூல் சுற்றுவார்கள். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அந்த வேலை நடக்கும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். ஆகவே வளவுக்குள் இருக்கும் தறிக்கொட்டிலும் மகளோடு போய்விடும். தொழில் பெரும்பாலும் மருமகன் கைக்கு வரும். வாப்பாவும் உம்மாவின் வளவுக்கு மாப்பிள்ளையாக வந்துதான் தறியைப் பிடித்தார். மாமனாரிடம் தொழில் கற்று, அதை மாமனார் பெயருக்குக் குறை வராமல் நடத்திய மனிதர். குடும்பத் தொழில் என்றால் தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாகத் தெரியலாம். எங்கள் பகுதியில் இது வழமை.

நூலை எடுத்துக்கொள்வோம். 840 யார் நீளமுள்ள ஒரு சிட்டம் கணக்கு. ஒரு இறாத்தலில் இப்படி எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். நாற்பதாம் நம்பரில் இரண்டு இழையை முறுக்கிச் சேர்த்தது உழைப்புக்குத் தாங்கும் துணி தரும். அறுபது, எண்பது என்று போனால் சேலைக்கு உகந்த மென்மை கிடைக்கும், ஆனால் நெய்பவரின் பொறுமையையும் கேட்கும். மெலிந்த நூல் அடிக்கடி அறும். அறுந்த இடத்தில் தறியை நிறுத்தி, இழையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, அதன் கண்ணுக்குள் திரும்பக் கோக்க வேண்டும். கோக்காமல் நாலு விரற்கடை ஓட்டிவிட்டால் துணியில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று விழும். வாங்குபவர் கடையில் அதைக் காணமாட்டார். மூன்று முறை துவைத்த பிறகு காண்பார்.

சாயத்திலும் இதே கதைதான். மலிவுச் சாயம் முதல் துவையலிலேயே பக்கத்துக் கட்டத்துக்குப் பரவும். வாப்பா வாட் சாயம்தான் போடுவார். கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் கரைத்த சூட்டு நீரில் நூல் கிடக்கும்போது அதன் உண்மையான நிறம் தெரியாது. வெளியே எடுத்துக் கம்பில் தூக்கிப் பிடித்ததும் காற்றுப்பட்டு நிறம் திரும்பத் தொடங்கும். நீலத்தில் அது பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது: மஞ்சளும் பச்சையுமாக வெளிவந்த நூல், சொட்டு நிற்பதற்குள் மேலிருந்து கீழாக நீலமாகிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் யாராவது அவரைக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். உதடு மட்டும் அசையும். ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தறி வேலை கூலி வேலை. துண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அங்கேதான் சோதனை இருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு விழ வேண்டிய ஊடை இழைகளில் சிலவற்றைக் குறைத்தால் துண்டு சீக்கிரம் முடியும், நூலும் மிஞ்சும். குறைந்ததைக் கஞ்சி மறைக்கும். கஞ்சி ஏறிய துணி கடையில் விறைப்பாக, கனமாக இருக்கும். வீட்டுக்குப் போய் ஒரு முறை தண்ணீரில் விழுந்தால் வலையாகிவிடும். வாப்பாவிடம் பித்தளைச் சட்டம் போட்ட சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. துணியில் வைத்தால் ஒரு அங்குலச் சதுரம் மட்டும் பெரிதாகத் தெரியும். ஊசி முனையால் இழையை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். குறைந்திருந்தால் நெசவாளரைப் பிறர் முன்னால் ஏசமாட்டார். அருகே கூப்பிட்டு, கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, “நீங்களே ஒருக்காப் பாருங்க தம்பி” என்பார். அவ்வளவுதான். அடுத்த துண்டு ஒழுங்காக வரும்.

வியாழன் அஸருக்குப் பிறகு கூலி. வேர்வை காயுமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை அவர் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. கொழும்பு வியாபாரி காசு அனுப்பாத வாரத்திலும் உம்மாவின் காப்பை அடகு வைத்தாவது கொடுத்தார். அதுவும் வட்டிக் கடையில் அல்ல, தெரிந்த ஒருவரிடம். வட்டிக்கு எடுப்பதில்லை என்ற பிடிவாதத்தால் கொட்டில் பெரிதாகவில்லை. அவர் வயதுக்காரர் சிலர் மெசின் தறி போட்டு வளர்ந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய ஈமானை நான் அதிகம் கண்ட இடம் பள்ளிவாசல் அல்ல, துணி மடிக்கும் பலகை. நெய்து வந்த சாரன்களை வெளிச்சத்தில் விரித்து, கரையில் பெருவிரலை ஓட்டிக்கொண்டே போவார். ஊடையைக் கொண்டோடும் நாடா திரும்பும் இடம் கரை. ஊடை இறுகினால் உள்ளே இழுக்கும், இளகினால் கண்ணி கண்ணியாக நிற்கும். பெருவிரல் ஓரிடத்தில் நின்றால் அங்கே பிழை. அந்தச் சாரனைத் தனியே வைப்பார். மடிக்கும்போது பிழை உள்ளே போகும்படி மடிப்பதுதான் கடைக்காரர் வழக்கம். நானும் சின்ன வயதில் அப்படித்தான் மடிக்கப் போனேன். “கீழ கெடக்கிறத்த மேல வைங்க மகன்” என்றார். பிறகு ஒரு நபிமொழியைச் சொன்னார். நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம். மழை பட்டது என்றான் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருந்தால் வாங்க வருபவர் கண்டிருப்பாரே என்று கேட்டார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு வாப்பா பிழையான இடத்தை மேல் மடிப்பில் வைத்து, அதில் சின்ன வெள்ளை நூல் ஒன்றைக் கட்டினார். விலையும் குறைத்தார். பாண்டிருப்பு, கல்லாறு, பெரியநீலாவணைத் தமிழ் ஆட்கள் வந்தால் “காக்கா, நூல் கட்டினது இருக்கா?” என்றே கேட்பார்கள். பிழை எங்கே என்று தெரிந்து, மலிவாக, நம்பி வாங்கிப் போவார்கள்.

நல்ல காலம் நீண்டு நிற்கவில்லை. வெளிநாட்டுத் துணி கட்டுப்படுத்தப்பட்டிருந்தவரை தறிக்கு வேலை இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் துணி மலிந்தது. கொட்டில்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மறு வருடம் நவம்பர் 23இல் சூறாவளி. பிறகு யுத்தம், பாதை மூடினால் கொழும்பிலிருந்து நூல் வராது, நெய்தது கொழும்புக்குப் போகாது. இவற்றையெல்லாம் தாண்டியவர்கள் மேல் 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து விழுந்தது. கடற்கரைப் பக்கத்து வீடுகளோடு மனிதர்களும் தறிகளும் போயின. வாப்பா அப்போது தளர்ந்துவிட்டார். எங்கள் கொட்டில் வீதிக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. ஜனாஸாக்களை அடக்கி முடித்த பிறகு, தறி போன நெசவாளர்களைக் கூப்பிட்டு, எங்கள் தறிகளில் முறை வைத்து நெய்யச் சொன்னார். நெய்தது அவர்களுடையது, நூலும் கணக்கில் இல்லை. ஸகாத் என்றும் சொல்லவில்லை, உதவி என்றும் சொல்லவில்லை. தறி சும்மா நிற்கக் கூடாது என்றார்.

அவர் மௌத்தான பிறகு வந்து போனவர்களில் எனக்குத் தெரியாத முகங்களே அதிகம். ஒரு வயோதிபர் தான் உடுத்திருந்த சாரனைக் காட்டி, இது உங்கள் வாப்பா கொட்டிலில் எடுத்தது என்றார். நூல் தேய்ந்து மெலிந்திருந்தது. ஆனால் கரை நேராக இருந்தது, கட்டம் சதுரமாக இருந்தது, நீலம் பக்கத்து வெள்ளையில் இறங்கியிருக்கவில்லை. எத்தனையோ பேர் அன்று அவரைப் புகழ்ந்தார்கள். என் மனதில் நின்றது அந்தச் சாரன்தான்.

இப்போது தறிக்கொட்டிலை நடத்துவது என் தங்கை வீட்டுக்காரர். 2022இல் ரூபாய் விழுந்தபோது வெளியிலிருந்து வரும் நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போயின. சில தறிகளை நிறுத்தினார், விற்கவில்லை. மருதமுனையில் இன்றும் கையால் நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் அந்த வேலைக்கு வரத் தயங்குகிறார்கள் என்பதும் உண்மை. ஒரு நாள் முழுதும் காலும் கையும் ஓயாமல் உழைத்துக் கிடைப்பது ஒரு கடைச் சிப்பந்தியின் சம்பளத்துக்கு ஈடாகாத போது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கல்முனை வீதியால் போகிறவர்கள் மருதமுனையில் இறங்குங்கள். துணியைப் புரட்டிப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் பாருங்கள். எல்லாக் கேள்வியும் கேளுங்கள். நல்ல நெசவாளர் எவரும் அதற்குக் கோபிக்கமாட்டார். துணி சரி என்று கண்டால் அவர் சொன்ன விலையைக் கொடுங்கள். அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.