எழுதிவைத்த வேலை எங்கே போகிறது?

நாள் முழுக்க டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், இருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிரலைத் திருத்திக்கொண்டிருக்கையில் வேறொரு வேலை நினைவுக்கு வந்தால், கறுப்புத் திரையை விட்டு நகராமல் ஒரு கட்டளை தட்டுவார்கள்: "டூடூ ஆட் சர்வர் சான்றிதழ் புதுப்பிக்கணும்". என்டர். கை மறுபடி பழைய வேலைக்குப் போய்விடும். மவுஸைத் தேட வேண்டாம். பிரவுசரைத் திறந்து நாலு செய்தியில் சிக்கிக்கொள்ளவும் வேண்டாம். பல ஆண்டுகளாக நானும் இப்படித்தான் எழுதிவைக்கிறேன். எழுதிவைக்க மூன்றே நொடி ஆவதுதான் இம்முறையின் பெரிய பலம். அதன் குறையும் இங்கேதான் தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

லைஃப்ஹேக்கர் தளத்தைத் தொடங்கிய ஜீனா ட்ரப்பானி 2006-இல் வெளியிட்ட டூடூ.டிஎக்ஸ்டி இவ்வகையில் பலரும் அறிந்தது. ஒரு வேலைக்கு ஒரு வரி. முன்னுரிமைக்கு வரியின் தொடக்கத்தில் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்து, எந்தத் திட்டம் என்பதற்குக் கூட்டல் குறி, எங்கே செய்வது என்பதற்கு அட் குறி. முடிந்ததும் தலையில் ஓர் எக்ஸ். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எல்லாம் ஒரே எழுத்துக் கோப்பு என்பதால் பட்டியல் நம் கையிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கிய வுண்டர்லிஸ்ட் செயலி 2020 மே மாதம் மூடப்பட்டபோது, அதையே நம்பியிருந்தவர்கள் வேறு இடம் பெயர வேண்டியிருந்தது. எழுத்துக் கோப்புக்கு அந்தக் கதி இல்லை. கட்டளை நிரல் வழக்கொழிந்தாலும் நோட்பேடில் திறக்கும். கிரெப் என்னும் தேடல் கட்டளைக்கு ஒரு திட்டத்தின் பெயரைக் கொடுத்து, விடையைப் பைப் குறி வழியே வரிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பினால் அதில் எத்தனை வேலை பாக்கி என்று தெரிந்துவிடும்.

ஆனால் கைப்பழக்கமே காலை வாரும் இடமும் இதில் உண்டு. டூடூ.டிஎக்ஸ்டியைக் கையாளும் டூடூ.எஸ்ஹெச் நிரலில் வேலையின் எண் என்பது வரியின் எண். மூன்றாம் வேலையை முடித்ததாகக் குறித்தால், இயல்பு அமைப்பில் அது உடனே முடிந்தவற்றுக்கான டன்.டிஎக்ஸ்டி கோப்புக்குப் போய்விடும்; கீழே உள்ளவை ஒவ்வொன்றும் ஓர் எண் மேலேறும். திரையில் பழைய பட்டியல் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து "டூ 7" என்று தட்டினால் முடிவது வேறொரு வேலை. இரண்டு முறை எனக்கு இப்படி நேர்ந்தது. முடிக்காத வேலை முடிந்தவற்றோடு கலந்துவிட்டால் அதைத் தேட வேண்டும் என்றே தோன்றாது.

டாஸ்க்வாரியர் என்னும் இன்னொரு கட்டளை நிரல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கெடு நெருங்கினால் 12 வரை, உயர் முன்னுரிமைக்கு 6, வேறொரு வேலை இதற்காகக் காத்திருந்தால் 8 என்று கூட்டி, எதை முதலில் செய்வது என அதுவே வரிசைப்படுத்தும். கெடுவும் சார்பும் நிறைந்த பெரிய திட்டத்துக்கு இது உண்மையான உதவி. தனி மனிதரின் நாளுக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை என்பேன். அந்த எண்களைச் சரிக்கட்டுவதிலேயே ஒரு மாலை போய்விடும். 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பு, தரவை எழுத்துக் கோப்புகளிலிருந்து எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றியது. கோப்பைத் திறந்து கையால் திருத்தும் வசதி அதோடு போயிற்று.

தமிழில் எழுதுபவருக்குத் தனித் தொல்லை இருக்கிறது. டெர்மினல் திரை கட்டம் கட்டமானது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது அதன் கணக்கு. "கொ"வின் கொம்பும் காலும் இரு பக்கமும் விரிவதைப் பல டெர்மினல்கள் சரியாகக் காட்டுவதில்லை, பத்திகள் கோணலாகும். தேடலில் இன்னும் மோசம். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; கிரெப்புக்கு வேறு வேறு. "கொரியர்" என்று தேடி எதுவும் வராவிட்டால், அந்த வேலை பட்டியலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இவற்றைவிடப் பெரிய குறை, பட்டியல் நம்மைக் கூப்பிடாது என்பது. டூடூ.டிஎக்ஸ்டியின் அடிப்படை விதிகளில் கெடு தேதியே கிடையாது. தனிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நாள் வந்தால் மணி அடிக்காது. மின்கட்டணம் கட்ட வேண்டும் என்ற வரி ஒருமுறை என் கணினியில் பத்திரமாக இருந்தது. நானோ கணினி இல்லாமல் ஊரில் இருந்தேன். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பட்டியல் தானாக வரும்படி செய்தும் பார்த்தேன். இரண்டாம் வாரத்தில் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. எழுதுவதை இவ்வளவு எளிதாக்கிய முறை, படிப்பதற்கு ஒரு வழியும் செய்யவில்லை.

இப்போது வெளியே போய்ச் செய்ய வேண்டியவற்றைச் செல்பேசி அலாரத்துக்கு மாற்றிவிட்டேன். விசைப்பலகையிலேயே முடிகிற வேலைகள் மட்டும்தான் கோப்பில் இருக்கின்றன. காலையில் கட்டளை எதுவும் இல்லாமல் கோப்பையே திறந்து, முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு போகிறேன். நேற்று அப்படிப் படித்துப் பதினொரு வரிகளை அழித்தேன். அவற்றில் ஆறு எதற்காக எழுதப்பட்டவை என்று எனக்கு நினைவில்லை.