கூடாரமும் குடியரசும்: ஐத்மாத்தவின் கதைகளிற் கிர்கீஸிய தேசிய உருவாக்கம்

இனக்குழுச் சமுதாயமொன்று முதலாளித்துவக் கட்டத்தைக் கடவாமலே சோஷலிஸ அமைப்பினுட் பிரவேசித்து நவீன தேசிய இனமாக உருப்பெறுதல் கூடுமா என்னும் வினா, மத்திய ஆசியாவிலே நடைமுறையிற் சோதிக்கப்பட்ட ஒன்றாகும். அச்சோதனையின் இலக்கியச் சாட்சியாக விளங்குபவர் கிர்கீஸிய எழுத்தாளரான சிங்கிஸ் ஐத்மாத்தவ் (1928–2008). மாஸ்கோவிலிருந்து வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்புகள் வாயிலாக நம் வாசகரிடையே நன்கு அறிமுகமான இவரை, சோவியத் முன்னேற்றத்தின் கவிஞராகவே பலரும் கொள்வர். அக்கருத்துப் பிழையன்று, ஆயின் பாதியளவே உண்மையானது. ‘முதல் ஆசிரியர்’ (1962), ‘குல்சாரி’ (1966), ‘நூற்றாண்டினும் நீண்டது இந்நாள்’ (1980) ஆகிய மூன்று படைப்புகளையும் வரிசையாக வைத்து நோக்குமிடத்து மறுபாதி புலனாகும்.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருங்கக் காண்போம். தியென்ஷான் மலைச்சரிவுகளில் ஆடும் குதிரையும் மேய்த்து வாழ்ந்த கிர்கீஸியர் குலவழியாகப் பிரிந்திருந்தனர். மனாப் எனப்பட்ட குலத்தலைவரின் அதிகாரமும், ஏழு தலைமுறை முன்னோரின் பெயரை ஒவ்வொருவனும் அறிந்திருத்தல் வேண்டும் என்ற மரபும் அவர்தம் சமூக அமைப்பின் தூண்களாயிருந்தன. 1916ஆம் ஆண்டு ஜாராட்சிக்கெதிராக எழுந்த கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட, பெருந்தொகையானோர் மலைகடந்து சீனாவுக்கு ஓடினர். அழிவின் விளிம்பில் நின்ற இம்மக்களுக்கு 1924 ஒக்டோபரிலே தனிப்பிரதேசம் வகுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி கிர்கீஸிய மொழியின் முதற் செய்தித்தாளான ‘எர்கின் தோ’ வெளிவந்தது. 1936இல் அப்பிரதேசம் ஒன்றியக் குடியரசாக உயர்த்தப்பட்டது. ஒன்பது முதல் நாற்பத்தொன்பது வயது வரையிலானோரில் எழுத்தறிந்தோர் விகிதம் 1926இல் நூற்றுக்குப் பதினேழை எட்டவில்லை. 1939இல் அது எண்பதை அண்மித்தது. எல்லை, எழுத்து, பள்ளி, பத்திரிகை ஆகிய தேசிய உறுப்புகள் யாவும் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒருசேரத் தோன்றின என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. அரபு எழுத்தில் தொடங்கிய கிர்கீஸிய மொழி, 1920களின் பிற்கூற்றில் இலத்தீன் எழுத்துக்கும் 1940ஐ அண்டி ருசிய எழுத்துக்கும் மாற்றப்பட்டது. இருபது வயதிற் படிக்கத் தொடங்கிய ஒருவன் நாற்பது வயதை அடையுமுன் மேலும் இருமுறை எழுத்துப் பயில வேண்டியிருந்தது. அம்மொழிக்கு எழுத்துவடிவம் அமைத்த அறிஞர் காசிம் தினிஸ்தானவும், கட்சியின் உயர்பதவி வகித்த, ஐத்மாத்தவின் தந்தையான தொரொகுல் ஐத்மாத்தவும் 1938 நவம்பரிலே சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்கள் புதைக்கப்பட்ட சோன்தாஷ் என்னுமிடம் 1991 வரை வெளியுலகுக்குத் தெரியவில்லை. தேசத்தை உருவாக்கிய அரசே அத்தேசத்தின் முதற் கல்விமான்களையும் அழித்தது. இவ்விரு செய்கைகளுள் ஒன்றை மறைத்து மற்றையதைப் பேசுதல் வரலாறாகாது.

இந்நோக்கிலே ‘முதல் ஆசிரியர்’ குறுநாவலை மீளப்படித்தல் வேண்டும். அரைகுறையாக எழுத்தறிந்த துய்ஷேன் என்னும் இளைஞன், 1924இல் மலைக்கிராமமொன்றுக்கு வந்து பாழடைந்த குதிரைலாயத்திற் பள்ளி நடத்துகின்றான். குளிர்ந்த ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தோளிற் சுமக்கின்றான். அநாதைச் சிறுமி அல்தினாயை அவள் சிறியதாய் ஒரு செல்வனுக்கு இரண்டாந்தாரமாக விற்றுவிட, அவளை மீட்டுத் தாஷ்கந்துக்குப் படிக்க அனுப்புகின்றான். குலவழக்கின் கொடுமையை ஐத்மாத்தவ் சிறிதும் மெருகிட்டுக் காட்டவில்லை. பெண்ணொருத்தி பண்டமாக விலைபோகும் சமுதாயத்திலே வெளியிலிருந்து வந்த புதிய சட்டமே அவளுக்கு விடுதலை ஆயிற்று. பழைமையை ஏங்கிப் போற்றுவோர் இக்கட்டத்தை மறந்துவிடலாகாது. எனினும் கதையின் முடிவு வெற்றி முழக்கமாக அமையவில்லை. பேரறிஞராகிவிட்ட அல்தினாய், புதுப்பள்ளியின் திறப்புவிழாவில் முதன்மை ஆசனத்தில் அமர்த்தப்படுகின்றாள். துய்ஷேனோ வாழ்த்துத் தந்திகளைச் சுமந்துவரும் தபாற்காரனாக வெளியே நிற்கின்றான். அவனது பழைய பள்ளியை நினைத்து விருந்தினர் நகைக்கின்றனர். தன் தொடக்கத்தையே மறக்கும் சமுதாயத்தை ஆசிரியர் அப்பொழுதே கண்டுவிட்டார் எனலாம்.

‘குல்சாரி’யில் இவ்வெச்சரிக்கை விசாரணையாக வளர்கின்றது. இளம் வயதிலே புரட்சிக்காகத் தன் சகோதரனையே நாடுகடத்தச் சம்மதித்த தானாபாய், முதுமையில் கூட்டுப்பண்ணை மேய்ப்பனாகின்றான். ஒருகாலத்தில், கம்பளக் கூடாரம் பழைமையின் எச்சம், அதனை ஒழித்தல் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து முழங்கியவன் அவன். பின்னர் மலைமேய்ச்சலுக்கு அதனினும் ஏற்ற உறையுள் வேறில்லை எனத் தன் அனுபவத்தால் உணர்கின்றான். பனியிலும் மழையிலும் கொட்டகையின்றிக் குட்டிகள் மடிகையில், மேலிருந்து வருபவையோ கட்டளைகளும் கண்டனங்களுமே. இறுதியிலே கட்சியிலிருந்தும் அவன் நீக்கப்படுகின்றான். ஓட்டத்தில் இணையற்ற அவன் குதிரை, தலைவரின் வசதிக்காகக் காயடிக்கப்படுகின்றது. கூடாரமும் குதிரையும் இங்கு வெறும் பழம்பொருள்கள் அல்ல. பல தலைமுறையினர் உழைப்பாற் கண்டறிந்த உற்பத்தி அறிவு அவற்றில் உறைந்துள்ளது. அவ்வறிவை மூடநம்பிக்கையோடு ஒருசேர எறிந்த பிழையையே நாவல் சுட்டுகின்றது.

மூன்றாவது நாவல், கிர்கீஸியரோடு ஒத்த வரலாறுடைய அயல் இனத்தவரான கசாக்கியரின் வெட்டவெளியில் நிகழ்கின்றது. புகையிரதப் பாதைத் தொழிலாளியான எதிகேய், இறந்த நண்பனை அனாபெயித் என்னும் முன்னோர் மயானத்தில் அடக்கஞ்செய்ய எடுத்துச் செல்கின்றான். விண்வெளித் தளத்தின் வேலி வழியை மறிக்கின்றது. காவற்பொறுப்பிலுள்ள அதிகாரியும் கசாக்கியனே. ஆனால், தாய்மொழியில் உரையாட மறுத்து ருசிய மொழியிற் பேசும்படி பணிக்கின்றான். இதனோடு இணையாக மான்குர்த்து பற்றிய ஐதிகம் கூறப்படுகின்றது. பகைவர், கைதியின் மழித்த தலையில் ஒட்டகத்தின் ஈரத்தோலை இறுகப் பொருத்தி வெயிலில் விடுவர். நினைவிழந்து அடிமையானவன், தன்னைத் தேடிவந்த தாயையே எசமானர் ஏவலால் அம்பெய்து கொல்கின்றான். இறந்தவனின் மகனும் விடுதிப்பள்ளிகளிற் பயின்றவனுமாகிய சபித்ஜானை எதிகேய் மான்குர்த்து என்றே கடிகின்றான். அல்தினாயையும் சபித்ஜானையும் ஆக்கியது ஒரே கல்விமுறைதான் என்பதை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒருத்தியை அடிமைநிலையிலிருந்து மீட்ட பள்ளி, இன்னொருவனைத் தன் தந்தையின் அடக்கத்தையே சுமையாகக் கருதச் செய்தது.

இந்நாவலில் விண்வெளி பற்றிய கிளைக்கதை கலைநிலையில் நலிந்தது. பாத்திரங்கள் அங்கு கருத்துகளாகவே நின்றுவிடுகின்றன. மேலும், தாய்மொழி மறதியைக் கண்டித்த ஐத்மாத்தவ் ‘குல்சாரி’ முதலாக ருசிய மொழியிலேயே எழுதினார். 1963இல் லெனின் பரிசு பெற்று அரசின் மதிப்புக்குரியவராகவும் விளங்கினார். இம்முரணைக் கபடம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அம்முரண் அவர் சமுதாயத்தின் முரணே ஆகும். புதுமொழியாற் கிடைத்த குரலினாலேயே பழைய மொழியின் இழப்பை அவர் சொல்ல நேர்ந்தது.

உருவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோஷலிஸம் என்பது சோவியத் பண்பாட்டுக் கொள்கையின் சூத்திரமாயிருந்தது. நம் விமரிசகரும் உருவம், உள்ளடக்கம் என்ற பாகுபாட்டை நெடுங்காலம் கையாண்டு வந்துள்ளனர். ஐத்மாத்தவின் படைப்புகள் அச்சூத்திரத்தின் குறையை வெளிப்படுத்துகின்றன. மொழி, மயானம், கூடாரம், முன்னோர் பெயர் என்பன எதையும் ஊற்றிக்கொள்ளத்தக்க வெறுங்கலங்கள் அல்ல; அவையே உள்ளடக்கத்தின் பெரும்பகுதி. 1989 செப்டெம்பரிலே கிர்கீஸிய மொழி அரசமொழியாகச் சட்டமாக்கப்பட்டதும், 1991இல் குடியரசு சுதந்திரம் பெற்றதும் அவ்வுள்ளடக்கம் அழியாதிருந்தமைக்குச் சான்றாகும். அதேவேளை, 1990இலும் 2010இலும் ஓஷ் பகுதியில் கிர்கீஸியரும் உஸ்பெக்கியரும் மோதிக்கொண்டமை, மேலிருந்து வகுக்கப்பட்ட எல்லைகள் தேசிய இனப்பிரச்சினையைத் தீர்த்துவிடவில்லை என்பதையும் காட்டிற்று.

இனக்குழு நிலையிலிருந்து ஒரு மக்களை உயர்த்துதல் வரலாற்று நியாயம் உடைய பணியே. எழுத்தும் மருத்துவமும் பெண்விடுதலையும் வேண்டாமென்று எவரும் கூறார். ஆனால் எதனைக் கைவிடுவது, எதனைக் காப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அம்மக்களிடம் இருந்ததா என்பதே இறுதி அளவுகோலாகும். அல்தினாய் கற்ற பள்ளியும் அனாபெயித் மயானமும் ஒரே தேசத்திலே இடம்பெறல் வேண்டும் என்பதுதான் ஐத்மாத்தவின் கோரிக்கை. அதனை நிறைவேற்றாத ஆட்சி எப்பெயர் பூண்டிருப்பினும் அதன் தேசநிர்மாணம் முற்றுப்பெற்றதாகக் கொள்ளவியலாது.