தொடும் முன், தொட்ட பின்

கைகழுவுதல் பற்றிய சுவரொட்டிகளை ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பிரதியாக வாசிக்கும்போது எனக்கு முதலில் உறுத்துவது விளி வேற்றுமை. பெரும்பாலும் தாய்மார்களைத்தான் அவை அழைக்கின்றன. தந்தையரையோ, குழந்தை பார்க்க வருபவர்களையோ அழைப்பது அரிது. பால் கொடுக்கும் முன், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின், துணி மாற்றிய பின் என எல்லா ஏவல் வினைகளுக்கும் அவள் ஒருத்தியே எழுவாய்.

வரலாறு வேறு கைகளைச் சுட்டுகிறது. வியன்னா பொது மருத்துவமனையில் 1846இல், மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த முதல் பிரிவில் நூறு தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தனர். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகளே காரணம் என்று 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தார். 1848இல் இறப்பு நூற்றுக்கு 2க்கும் கீழே இறங்கியது. ஆனாலும் மருத்துவர் பலர் ஏற்கவில்லை. ஏற்றால், கொன்றது தங்கள் கை என்றாகிவிடும்.

நம் வீடுகளுக்கு வருவோம். பிள்ளை பெற்றவளைத் தீட்டென்று ஒதுக்கும் வீடுகளில் கைகழுவும் பழக்கம் இல்லாமலில்லை. அவளைத் தொட்டவர் கழுவுகிறார், குளிக்கவும் செய்கிறார். ஆனால் தொட்ட பின். தொடும் முன் அல்ல. மருத்துவம் அவளைக் காப்பதற்காகக் கழுவச் சொல்கிறது. தீட்டு, அவளிடமிருந்து தப்பிப்பதற்காகக் கழுவச் சொல்கிறது. தண்ணீர் ஒன்றுதான், திசை நேரெதிர்.

அவளுக்கோ, ‘பச்சைத் தண்ணியில கை வைக்காதே, ஜன்னி கண்டுரும்’ என்ற எச்சரிக்கை. பெற்ற உடம்பில் காய்ச்சல் ஏறிப் பிதற்றியவர்களைப் பார்த்துப் பயந்த தலைமுறைகளின் சொல் அது. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் பழி தண்ணீர்மேல் விழுந்தது, கழுவாத கை தப்பிவிட்டது.

பிறந்த குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தையல் போட்ட உடம்போடு ஒவ்வொரு முறையும் எழுந்து பின்கட்டுக் குழாய்வரை அவள் நடக்க வேண்டும். வெந்நீர் வைத்துத் தருவது யார், நள்ளிரவில் ஒரு செம்பு மொண்டு ஊற்றுவது யார் என்று சுவரொட்டி கேட்பதில்லை. நாளை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யாரைக் குற்றம் சொல்வது என்பதை மட்டும் இன்றே எழுதி வைத்துவிடுகிறது.

அவள் கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோப்பும் தண்ணீரும் உயிர் காப்பவை. ஆனால் அந்த அறிவுரை, அவளையும் குழந்தையையும் தொட வரும் எல்லாக் கைகளையும் அழைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்கக் கை நீட்டும் மாமனாரிடம், ‘கை கழுவிட்டு வாங்க மாமா’ என்று சொல்ல அவளுக்கு அந்த வீட்டில் வாய் இருக்கிறதா? சொன்னால் அதைத் திமிர் என்கிறார்கள். சுகாதாரம் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.