மருந்து கிடைக்காத பாதி

ஃபேஜ் சிகிச்சை பற்றி வாசிக்கப் போனால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கிறது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது, டாக்டர்கள் கைவிரித்துவிடுவார்கள், கடைசி நேரத்தில் ஒரு வைரஸ் வந்து ஆளைக் காப்பாற்றும். ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீயும் அவர் கணவர் டாம் பேட்டர்சனும் எழுதி 2019இல் வந்த ‘தி பெர்ஃபெக்ட் பிரிடேட்டர்’ இந்த வகையில் பிரபலமானது. எகிப்துப் பயணத்தில் தொற்று பிடித்து, 2016இல் ஃபேஜ் கொடுத்துப் பிழைத்தவர் பேட்டர்சன். ஒரே மூச்சில் படித்தேன். மூடி வைத்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த நிம்மதி தவிர வேறெதுவும் என்னிடம் மிஞ்சவில்லை.

இதே விஷயத்தை வைத்து 1925லேயே ஒரு நாவல் வந்துவிட்டது. சின்க்ளேர் லூயிஸ் எழுதிய ‘ஆரோஸ்மித்’. புலிட்சர் பரிசு கொடுத்தபோது அவர் வேண்டாம் என்று மறுத்த நாவல். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வைரஸ்தான் பாக்டீரியோஃபேஜ். ஃபெலிக்ஸ் தெரெல் 1917இல் அதற்குப் பெயர் வைத்தார். நாவலின் நாயகன் மார்ட்டினும் தன் ஆய்வகத்தில் அதையே கண்டுபிடிக்கிறான், தெரெல் முந்திக்கொண்டது தெரியாமல். பிறகு பிளேக் பரவிய ஒரு கரீபியத் தீவுக்கு ஃபேஜோடு போகிறான். அவன் குரு காட்லீப் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பாதிப் பேருக்குக் கொடு, மீதிப் பாதிக்குக் கொடுக்காதே. அப்போதுதான் மருந்து நிஜமாகவே வேலை செய்ததா என்று தெரியும்.

அங்கே அவன் மனைவி லியோரா பிளேக்கில் சாகிறாள். மார்ட்டின் உடைந்துபோய், கேட்டவர்களுக்கெல்லாம் மருந்தைக் கொடுத்துவிடுகிறான். ஏற்கெனவே தொடங்கிய ஒரு பகுதியில் மட்டும் சோதனையை வேறொருவர் கையில் விடுகிறான். ஊரே அவனைக் கொண்டாடுகிறது. தெளிவான பதில் மட்டும் கிடைக்கவே இல்லை. இரக்கத்தையும் அறிவையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, எதற்கும் தீர்ப்பு எழுதாமல் லூயிஸ் நகர்ந்துவிடுகிறார். நாவலின் பலம் இது.

பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் ‘பாதி’ யார்? தீவின் ஏழை மக்கள். ஆலிவர் மார்ச்சண்ட் என்ற கறுப்பின டாக்டரை லூயிஸ் மரியாதையோடு எழுதியிருக்கிறார், அதை மறுக்க முடியாது. ஆனால் மருந்து மறுக்கப்பட்ட வரிசையில் நின்ற ஒருவருக்குக்கூட நாவலில் குரல் இல்லை. தார்மீகச் சிக்கல் முழுக்க மார்ட்டினுக்குச் சொந்தம். சாவு மட்டும் அவர்களுக்கு.

நமக்கு இது வெறும் கதை இல்லீங்க. நாவல் வந்து சில வருடங்களிலேயே தெரெல் காலரா ஆய்வுக்காக இந்தியா வந்தார். அன்றைய அசாம் மாகாணத்தில் நௌகாவ் பகுதி மக்களுக்குக் காலரா ஃபேஜ் விநியோகமானது. ஒப்பிட்டுப் பார்க்க ஹபிகஞ்ச் கொடுக்காமல் விடப்பட்டது. லூயிஸின் தீவு நம் பக்கம்தான் இருந்தது. அதனால் இந்த நாவலை ஹபிகஞ்சில் நின்றுகொண்டுதான் என்னால் வாசிக்க முடிகிறது.

இப்போது எலும்புக்கு வருவோம். உடுமலையில் எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் அண்ணன் ஒருவருக்கு, விபத்துக்குப் பிறகு காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். சீழ் நின்றபாடில்லை. “ஆறவே மாட்டீங்குது தம்பி” என்பார். உலோகத்தின் மேல் பாக்டீரியா ஒரு பசைப்படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேர்வது கஷ்டம். சில ஃபேஜ்களால் அந்தப் படலத்தை அரிக்க முடியும் என்பதால்தான் எலும்புத் தொற்று ஆய்வாளர்களுக்கு அதன்மேல் இவ்வளவு ஆர்வம்.

2016 பிரஸ்ஸல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பில் தொடை எலும்பு நொறுங்கிய ஒரு பெண்ணுக்கு, சுமார் இரண்டு வருடம் ஆறாத தொற்று, ஜார்ஜியாவின் எலியாவா நிறுவனத்தில் தயாரான ஃபேஜால் கட்டுக்குள் வந்தது. 2022இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆனால் ஃபேஜோடு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஒரே ஒரு நோயாளி. எது எவ்வளவு வேலை செய்தது? காட்லீப் இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார். நம் நாட்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் கோபால் நாத் குழு, நாள்பட்ட எலும்புத் தொற்றுள்ள முயல்களில் ஃபேஜைச் சோதித்து 2016இல் வெளியிட்டது. முயலிலிருந்து மனிதனுக்கு வர, பெரிய அளவில் ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். அதாவது, மறுபடியும் ஒரு ‘பாதி’ வேண்டும்.

கோவை கங்கா மருத்துவமனை திறந்த எலும்புமுறிவுக்கு உருவாக்கிய மதிப்பெண் முறை இங்கே நினைவுக்கு வருகிறது. 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் எடுத்துவிடுவது நல்லது. நடுவில் 15, 16 என்று ஒரு சாம்பல் பகுதி. வரிசையாகப் பல நோயாளிகளைக் கவனித்து எண்ணியதால்தான் அந்தக் கோடுகளைப் போட முடிந்தது. அற்புதக் கதை ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

‘தி பெர்ஃபெக்ட் பிரிடேட்டர்’ பிழைத்தவரின் புத்தகம். ‘ஆரோஸ்மித்’ கொடுப்பவனின் புத்தகம். கம்பி வைத்த காலோடு, தனக்கு வந்தது மருந்தா வெறும் உப்புத் தண்ணீரா என்று தெரியாமல் காத்திருப்பவரின் புத்தகத்தை நான் இன்னும் வாசிக்கவில்லை. அதை இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் எழுதினால் நன்றாக இருக்கும்.