‘நபர்’ என்று ஒருவர்: அவசரகால மண்டலங்களை வாசித்தல்

2024 டிசம்பர் 2. விடிவதற்கு முன்பே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். மேல்பட்டாம்பாக்கம் தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் உடனே வெளியேறும்படி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

எங்கள் வீட்டில் ‘உடனே’ என்பதற்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, மகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள். அத்தைக்கு இன்சுலின், அதற்கு ஐஸ் வைத்த டப்பா. பாதி வெந்த சோற்றை வடித்துத் தூக்கு வாளியில் போட்டேன். மகளுக்கு அன்றுதான் தீட்டு வந்திருந்தது, நாப்கின் தேடினேன். என் கணவர் ஆற்றைப் பார்க்கப் போயிருந்தார். தெருவில் எல்லா ஆண்களும் ஆற்றைப் பார்க்கத்தான் போயிருந்தார்கள். அத்தை மட்டும் கொட்டகையை விட்டு நகரவில்லை. “நீ புள்ளைய கூட்டிக்கிட்டுப் போம்மா. மாட்ட யாரு பாப்பா?” என்றார்.

வெள்ளம் வடிந்து சில வாரங்கள் கழித்து, நான் பாடம் நடத்தும் கல்லூரியில் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவிகளோடு அணுமின் நிலைய அவசரகாலத் திட்டங்கள் பற்றிய விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். கதை, கவிதைக்குக் கொடுக்கும் கவனத்தை ஓர் அரசு ஆவணத்துக்கும் கொடுத்துப் பார்ப்போமே என்பதுதான் யோசனை. கடலூர் மாவட்டத்தில் அணு உலை கிடையாது. வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் கல்பாக்கம். கூடங்குளம் மிகத் தொலைவு. ஆனால் நெய்வேலி பக்கத்தில் இருக்கிறது. 2020 ஜூலை 1 அன்று அங்கே அனல்மின் நிலையத்தின் கொதிகலன் வெடித்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆறு பேர் அன்றே இறந்தார்கள். அதற்கு முன் மே 7 அன்றும் ஒரு வெடிப்பு. எனவே ஆலை, சுற்றுமதில், மதிலுக்கு வெளியே இருக்கும் ஊர் ஆகிய மூன்றும் எங்கள் மாணவிகளுக்குப் புதிதல்ல.

விதிகளில் வட்டங்கள் வருகின்றன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 1990ஆம் ஆண்டு விதியில் உலையைச் சுற்றி 1.5 கிலோமீட்டர் வரை யாரும் குடியிருக்கக் கூடாத விலக்கு மண்டலம். 5 கிலோமீட்டர் வரை ‘ஸ்டெரிலைஸ்டு ஸோன்’. 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்ட மண்டலம். ஆபத்து வந்தால் மக்களை உள்ளே இருக்கச் சொல்வதற்கும், அயோடின் மாத்திரை கொடுப்பதற்கும், வெளியேற்றுவதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டிய பகுதி இது. 2014இல் விதி திருத்தப்பட்டபோது விலக்கு மண்டலம் குறைந்தபட்சம் 1 கிலோமீட்டர் என்று ஆனது. இரண்டாவது வட்டத்தின் பெயரும் மாறி ‘இயல்பு வளர்ச்சி மண்டலம்’ ஆனது.

அந்தப் பழைய பெயரைப் படித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “மேம், கு.க. ஆபரேஷனா?” வகுப்பே சிரித்தது. சிரிப்பில் நியாயம் இருந்தது. தமிழ்நாட்டில் ‘ஸ்டெரிலைசேஷன்’ என்ற சொல்லைப் பெண்கள் அரசு மருத்துவமனையில்தான் கேட்டிருக்கிறார்கள், அதுவும் தங்கள் உடம்பைப் பற்றி. இங்கே அது நிலத்துக்கு வருகிறது: இந்த இடத்தில் மக்கள் பெருகக் கூடாது. இயல்பாகப் பெருகலாம், திட்டம் போட்டுக் குடியேறக் கூடாது என்பதுதான் விதியின் பொருள் என்று பொறியாளர்கள் விளக்குவார்கள். சரிதான். அந்த இயல்பான பெருக்கம் யாருடைய வயிற்றில் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் எழுத முடிந்திருக்கிறது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பெயரை மாற்றியவர்களுக்கும் பழைய சொல் உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்தது 16 என்ற எண். திரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகு 1980இல் அமெரிக்கா தன் அவசரகால மண்டலத்தை 10 மைல் என்று விதியாக்கியது. 10 மைலைக் கிலோமீட்டராக்கினால் 16. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பென்சில்வேனியாவின் சாலைக்கும் காருக்கும் பழகிய ஓர் எண், கார் இல்லாத, மீன் விற்கப் போன அம்மா சாயங்காலம்தான் திரும்புகிற ஊருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அந்த விபத்தில் பெண்ணிய வாசிப்புக்கு உரிய இன்னொரு செய்தி உண்டு. 1979 மார்ச் 30 அன்று ஆளுநர் டிக் தோர்ன்பர்க், ஆலையிலிருந்து 5 மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று அறிவித்தார். ஆனால் சுற்றுவட்டாரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். மக்கள் பீதியில் ஓடினார்கள் என்று திட்டமிடுபவர்கள் இதைக் குறிப்பிடுவது வழக்கம். எனக்கு அது பீதியாகத் தெரியவில்லை. கர்ப்பிணிக்கு மூத்த பிள்ளை ஒன்று இருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு அம்மாவும் ஒரு பாட்டியும் இருப்பார்கள். கருப்பையைத் தனியாக ஒரு பேருந்தில் ஏற்றி அனுப்ப முடியாது. அறிவிப்பு ஓர் உடலை அழைத்தது, ஒரு குடும்பம் எழுந்து வந்தது.

கர்ப்பிணி என்ற வகைக்குள் வராத பெண் ஆவணங்களில் ‘நபர்’ ஆகிவிடுகிறார். யார் இந்த நபர்? கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 1975இல் ‘மாதிரி மனிதன்’ ஒருவனை வரையறுத்தது: வயது 20 முதல் 30, எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர், வெள்ளையர், மேற்கு ஐரோப்பிய அல்லது வட அமெரிக்கப் பழக்கவழக்கம் கொண்டவன். பிறகு அதே ஆணையம் ஆண், பெண் இரண்டு மாதிரிகளையும் எடுத்து சராசரி போடும் முறைக்கு வந்துவிட்டது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2006இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, ஒரே அளவு கதிர்வீச்சில் பெண்களுக்குப் புற்றுநோய் ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்றும், பச்சிளம் பருவத்தில் பட்ட பெண் குழந்தைகளுக்கு அது மிக அதிகம் என்றும் கண்டது. சராசரி என்பதில் இந்த வேறுபாடு கரைந்துபோகிறது.

கூடங்குளத்துக்கு வருவோம். 1991 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, 2 முதல் 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் மக்கள் அடர்த்தி குறைவாக இருந்தால்தான் அவசரத்தில் வெளியேற்றுவது எளிது என்ற நோக்கில் எழுதப்பட்டது. இந்த மண்டலத்துக்குள் 20,000 பேருக்கு மேல் இருப்பது விரும்பத்தக்கதல்ல என்றது 1990 விதி. கூடங்குளத்தையும் இடிந்தகரையையும் சேர்த்தாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும் என்று போராடியவர்கள் சொன்னார்கள். 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு, அணுமின் நிலையத்தின் மதில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. கடலிலிருந்து காப்பாற்றப்பட்ட பெண்ணைக் கொண்டுவந்து இன்னொரு வட்டத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள். இரண்டு துறைகளின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

2012 ஜூன் 9 அன்று நக்கனேரியில் வெளியேற்ற ஒத்திகை நடந்தது. கடலோரத்தில் நெருக்கமாக வாழும் மீனவர் ஊர்களை விட்டுவிட்டு உள்ளடங்கிய ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்த ஒத்திகை மாதிரி மனிதனுக்கான ஒத்திகை என்றே படுகிறது. பேருந்து தயாராக நிற்கிறது, பகல் நேரம், யாரும் சமைத்துக்கொண்டிருக்கவில்லை, யாரும் பிள்ளை பெற்ற மூன்றாம் நாளில் இல்லை. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் ஆலைக்கு அனுமதி தந்து 15 கட்டளைகளையும் இட்டது. அதற்கு முன் இரண்டு வருடம் லூர்து மாதா கோயில் முன்பந்தலில் உட்கார்ந்திருந்த இடிந்தகரைப் பெண்கள் விடாமல் கேட்டது இதுதான்: எங்களுக்கு என்ன செய்வீர்கள் என்பதை எங்கள் மொழியில் எங்களிடம் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்குகள் பதிவாயின.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுக்கு முகம் கொடுத்தாக வேண்டும். வெளியேற்றமே கொல்லும் என்கிறார்கள். உண்மை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அவசரமாகக் கொண்டுபோகப்பட்ட முதியவர்கள் வழியிலேயே இறந்தார்கள். அந்த மாகாணத்தில் பேரிடரின் பின்விளைவுகளால் நேர்ந்த மரணங்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டவை 2,000க்கு மேல். எனவே வட்டத்தைச் சுருக்குங்கள், மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள் என்கிறது இந்த வாதம். எடுத்த எடுப்பில் எனக்கும் நியாயமாகவே பட்டது. என் அத்தையை அந்த மழையில் இழுத்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த முதியவர்கள் இறந்தது வட்டம் பெரிதாக இருந்ததாலா? வட்டம் ஒரு நாளுக்குள் 3 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் என்று விரிந்துகொண்டே போனது. படுக்கையில் இருப்பவர்களை யார் தூக்குவது, எந்த ஊர்தியில், எங்கே என்று யாரும் முன்கூட்டியே யோசித்திருக்கவில்லை. முடியாதவரைத் தூக்குகிற வேலை, வீட்டிலும் விடுதியிலும் பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. திட்டத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. வரி இல்லாததற்கான தண்டனையை வட்டத்துக்குக் கொடுப்பது விசித்திரம்.

கோடு எங்கே நின்றதோ அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இட்டாட்டே என்ற கிராமம் 20 கிலோமீட்டருக்கு வெளியே, பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கும் வெளியே. காற்றும் மழையும் கோட்டைப் பார்க்கவில்லை; அந்த ஊரில் கதிரியக்கம் இறங்கியது. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது ஏப்ரல் 22 அன்று, ஆறு வாரம் கழித்து. அதுவரை அங்கே பிள்ளைகள் இருந்தார்கள். கோட்டுக்கு வெளியே வேறு ஊர்களில், உத்தரவு வராமலேயே குழந்தைகளோடு கிளம்பிய தாய்மார்கள் பலர். கணவர்கள் வேலைக்காகத் தங்கிவிட்டார்கள். இவர்களுக்கு ‘தாமாக வெளியேறியவர்கள்’ என்று பெயர். அந்தப் பெயரே ஒரு தீர்ப்பு: உன்னை யார் போகச் சொன்னது? இரண்டு வீட்டு வாடகை, வாரக்கடைசியில் வரும் அப்பா, ஊருக்குத் திரும்பாத மருமகள் மேல் மாமியார் வீட்டுக் கோபம், நரம்புத்தளர்ச்சிக்காரி என்ற பட்டம். கோட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கிடைத்த இழப்பீட்டில் சிறு பங்குதான் இவர்களுக்கு. இலவச வீட்டு உதவியும் 2017 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. வட்டத்தின் ஆரம் குறையும்போது ஆபத்து குறைவதில்லை. அதைக் கணிப்பதும் தாங்குவதும் வீட்டுக்கு, அதாவது வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு, மாற்றிவிடப்படுகிறது. கூடவே அவள் கணிப்பு மிகையானது என்று சொல்லும் உரிமையும் மற்றவர்களுக்குக் கிடைக்கிறது.

இது பழங்கதையல்ல. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் கொண்டுவந்த விதிப்படி, சிறிய வகை உலைகளுக்கு 10 மைல் கட்டாயமில்லை. கணக்கு ஒத்துவந்தால் அவசரகால மண்டலம் ஆலையின் வேலியோடு முடிந்துவிடலாம். இந்தியாவில் 2025 பட்ஜெட், சிறிய உலைகளுக்கான ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033க்குள் குறைந்தது ஐந்து உலைகள் இயங்கும் என்று அறிவித்தது. உலை சிறிதானால் உள்ளே இருக்கும் கதிரியக்கப் பொருளும் குறைவு, அதனால் வட்டமும் சிறிதாகலாம் என்ற இயற்பியலோடு எனக்குச் சண்டையில்லை. அந்தக் கணக்கு யார் முன்னால், எந்த மொழியில் போடப்படும் என்றுதான் கேட்கிறேன். சர்வதேச அணுசக்தி முகமை 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரிய உலைகளுக்கு 300 கிலோமீட்டர் வரை உணவு, பால், குடிநீர் குறித்த கட்டுப்பாடுகளுக்குத் தயாராக இருக்கச் சொல்கிறார்கள். அத்தனை தொலைவில் ‘இன்று கறந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா’ என்று முடிவெடுக்கப்போவது மாவட்ட ஆட்சியர் அல்ல. செர்னோபிலில் குழந்தைகளின் தைராய்டு புற்றுநோய்க்குப் பாலில் கலந்த கதிரியக்க அயோடின்தான் முக்கியக் காரணம். தாய்மார்களுக்கு யாரும் அதை நேரத்தில் சொல்லவில்லை.

வாசிப்பு வட்டத்தின் கடைசி நாளில் மாணவிகளிடம் ஒரு தாள் கொடுத்தேன். உங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப எத்தனை நிமிடம் ஆகும், யார் என்ன செய்வார்கள் என்று எழுதச் சொன்னேன். விடுதியில் இருப்பவள் ஆறு நிமிடம் என்று எழுதினாள். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒருத்தி, கைக்குழந்தையும் பக்கவாதம் வந்த மாமனாரும் உள்ளவள், நேரத்தை எழுதவில்லை. ‘வண்டி யார் கொண்டுவருவார்கள் என்று தெரிந்தால் சொல்லலாம்’ என்று எழுதியிருந்தாள். திட்டங்களில் நான் தேடிக் கிடைக்காத வரி அதுதான்.

பிறகு எல்லோரும் சேர்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினோம். அணுமின் நிலையங்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்கான அவசரகாலத் திட்டம் தமிழில் உண்டா, ஒத்திகைகளில் கலந்துகொண்ட பெண்கள் எத்தனை பேர், தங்குமிடங்களில் எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, மாதவிடாய்க்கும் பிரசவத்துக்கும் என்ன ஏற்பாடு. வீட்டில் மனுவை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை கொட்டகையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவதாகவும் ஒன்று சேர்த்தேன்: வெளியேற்றப்படும் வீடுகளின் கறவை மாடுகளை யார், எங்கே, எத்தனை நாள் பார்த்துக்கொள்வார்கள்?