சுரங்கச் சுவரில் யாருடைய முகம்?

சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமின் சுரங்கப் புகையிரதப் பாதையை உலகின் மிக நீண்ட ஓவியக் காட்சிச்சாலை என விளம்பரஞ் செய்வது உல்லாசப் பிரயாணத் துறையினரின் வழக்கம். பாதையின் நீளம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர்; 100 நிலையங்களில் 90க்கு மேற்பட்டவற்றிலே கலைப்படைப்புக்கள் உள்ளன. ஆனால், கலையை நீளத்தால் அளப்பது புடைவைக் கடைக்காரனின் கணக்கு. அச்சுவர்கள் யாரை நோக்கி, எதைப் பேசுகின்றன என்பதே நமது கேள்வி.

உழைப்பாளி அன்றாடம் செல்லும் வழியிலே கலையை வைக்க வேண்டுமென்ற எண்ணத்தைப் பெருமளவிற் செயற்படுத்திய நகரங்களுள் மொஸ்கோ முந்தியது. 1935இல் அங்கு சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 1938இல் திறக்கப்பட்ட 'புரட்சிச் சதுக்க' நிலையத்திலே மனிசர் என்னும் சிற்பி வடித்த 76 வெண்கலச் சிலைகள் உள்ளன. விவசாயியும் மாலுமியும் மாணவியும் அரசர்களுக்குரிய மண்டபத்தில் இடம்பெற்றமை சாமானியமான காரியமன்று. எனினும், தாழ்ந்த வளைவுகளுக்குள் அடங்கவேண்டியிருந்தமையால், அவர்களுட் பெரும்பாலோர் குனிந்தும் மண்டியிட்டுமே இருக்கின்றனர். பிற்காலத்தில் எழுந்த நிலையங்களிலோ தலைவரின் உருவம் பெருகிற்று. 1960களில் அவ்வுருவங்கள் அகற்றப்பட்டன. அரசின் முகத்தைத் தாங்கிய சுவர் அரசு மாறும்போது தானும் மாறவேண்டியிருந்தது. மக்கள் உரிமை கொண்டாடியதோ எல்லைக் காவலனின் நாயையே! அவ்வழியாற் போவோர் தடவித் தடவி அதன் மூக்கு பொன்போல மின்னுகின்றது.

ஸ்டொக்ஹோமிலே முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. வேரா நீல்சன், சீரி டெர்க்கெட் என்னும் இரு பெண் ஓவியர்கள் 1950களின் நடுப்பகுதியில் இதற்காக வாதாடினர். நகரசபையும் இணங்கியது. 1957இல் திறக்கப்பட்ட மத்திய நிலையத்திலே முதற் படைப்புக்கள் அமைந்தன.

அவ்வழியிலே தோன்றியவற்றுள் என் மதிப்பில் தலையாயது, 1965இல் டெர்க்கெட் நிறைவேற்றிய ஒஸ்டெர்மால்ம் சதுக்க நிலையம். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. வண்ணமில்லை, மெருகில்லை, வெறுங் கொங்கிறீற்றுச் சுவரிலே மணலைப் பாய்ச்சிக் கீறிய கோடுகள்தாம். குழந்தை கிறுக்கியவை போலத் தோன்றும் அக்கோடுகளுக்குள் பெண்ணுரிமைக்காகப் போராடியோரின் உருவங்களும், சமாதானம் என்ற சொல் பல மொழிகளிலும், பாட்டாளிகளின் சர்வதேச கீதத்தின் இசைக்குறியீடுகளும் உள்ளன. அழகில்லை என்று முகஞ் சுளிப்போர் இரண்டு விடயங்களை மனங்கொள்ள வேண்டும். ஒஸ்டெர்மால்ம், செல்வர்கள் வாழும் பழைய பகுதி. அந்த நிலையமோ, அணுகுண்டுப் பயம் நிலவிய அக்காலத்தில் யுத்தப் புகலிடமாகவும் பயன்படுமாறு கட்டப்பட்டது. செல்வர் குடியிருப்பின் அடியிலே சர்வதேச கீதம். குண்டுக்கு அஞ்சிக் கட்டிய சுவரிலே சமாதானம். இடத்தோடு இவ்வாறு வழக்காடும் கலையை அலங்காரம் என்று யார் சொல்லத் துணிவர்?

அலங்காரமாகவே நின்றுவிட்டவையும் பல. 1977இல் திறக்கப்பட்ட 'அரசர் தோட்ட' நிலையத்திலே, முன்னொரு காலத்து மாளிகையின் சிற்பங்களை நினைவூட்டும் உருவங்கள் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே நிற்கின்றன. கண்ணுக்கு விருந்துதான், ஆயின் அந்நிலையத்தின் மெய்யான வரலாறு மேலே வெளியில் நடந்தது. 1971 மே மாதத்தில், நிலைய வாயிலுக்காக எல்ம் மரங்களை வெட்ட வந்தபோது மக்கள் திரண்டு தடுத்தனர். வாயில் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. அப்பாதையின் பொதுக்கலைகளுள் வெட்டப்படாத அம்மரங்களையும் சேர்க்கவே நான் விரும்புவேன்.

அதே 1970களின் சோல்னா நிலையத்திலே செந்நிற வானமும் பசிய ஊசியிலைக் காடும் சுவர் முழுவதும் ஓட, கிராமங்கள் வெறுமையாவதும் காடு அழிவதும் ஊடே சித்திரிக்கப்படுகின்றன. கருத்து நன்று; செந்நிறமோ கருத்தை விழுங்கிவிட்டது. படம் பிடிக்க வருவோர் நிறத்தையே பிடித்துச் செல்கின்றனர்.

மத்திய நிலையத்தின் நீலப்பாதைத் தளம் 1975க்குரியது. குடைந்த பாறையிலே ஊல்ட்வெட் என்னும் ஓவியர் நீலக் கொடிகளைப் படரவிட்டார். ஓரிடத்தில் அந்நிலையத்தைக் கட்டிய தொழிலாளரின் நிழலுருவங்களையும் தீட்டினார். மொஸ்கோவின் வீரர்களைப்போல இவர்கள் வரலாற்றைச் சுமக்கவில்லை. கைவேலையில் ஈடுபட்டிருக்கின்றனர், அவ்வளவே. தாஜ்மகாலைக் கட்டியவர் யார் என்று கேட்டால் ஷாஜகான் என்று மாணவர் எழுதுவதைத் திருத்தித் திருத்திச் சலித்த ஆசிரியனுக்கு அந்தச் சுவர் எத்துணை ஆறுதல்!

அதே நீலப்பாதையில் நகருக்குப் புறத்தேயுள்ளது ரென்ஸ்ரா. 1975இல் ஹெல்கா ஹென்ஷன் அந்நிலையத்தைக் குடிவந்தோருக்குக் காணிக்கையாக்கினார். உடன்பிறப்புணர்வு என்னும் பொருள்படும் சொல்லை 18 மொழிகளிற் பொறித்தார். இன்று அப்பகுதியில் வாழ்வோருட் பெரும்பாலோர் பிறநாடுகளிலிருந்து வந்தோரும் அவர்தம் மக்களும். நகரின் வசதிமிக்க பகுதிகளோடு அவர்களின் வாழ்வு உடன்பிறந்ததாக அமையவில்லை என்பதைச் சுவீடனிலேயே பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். சுவரில் எழுதியதைச் சம்பளத்திலும் வீட்டிலும் எழுதும் பொறுப்பு ஓவியருடையதன்று.

விமர்சகர் ஒவ்வொரு நிலையத்தையுந் தனித்தனியே ஆராய்வர். பிரயாணி அவற்றை ஒரே தொடராகக் காண்கிறார். ஒஸ்டெர்மால்ம் வீடொன்றைத் துப்புரவு செய்யப் புறப்படும் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். ரென்ஸ்ராவில் உடன்பிறப்பு என்ற சொல்லைக் கடந்து வண்டியேறுகிறாள். மத்திய நிலையத்தில் நீலத் தொழிலாளரின் தளத்தில் இறங்கிச் செந்நிறப் பாதைக்கு மாறுகிறாள். சர்வதேச கீதம் கீறிய சுவருக்கு முன்னே இறங்குகிறாள். மாலையில் அவற்றையே தலைகீழாகக் கடந்து வீடு திரும்புகிறாள்.